ராமேஸ்வரத்தில் எனக்கு நாலு நாள்

போடியில் யாரிடமாவது ராமேஸ்வரம் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "யாருக்குத் திதி?" என்றுதான் கேட்பார்கள். பால்காரர் கேட்டார். மாவு மில்லில் கேட்டார்கள். எதிர்வீட்டு அம்மா ஒரு படி மேலே போய், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து, "யாருக்குத்தா?" என்றாள். நானும் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது? "எனக்குத்தான்" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவள் அன்று முழுக்க வெளியே வரவில்லை.

கடல் பார்க்கப் போகிறேன், தீவில் நாலு நாள் சும்மா இருக்கப் போகிறேன் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. சும்மா இருப்பதற்கு அவ்வளவு தூரம் போவார்களா என்று கேட்டார்கள். அவ்வளவு தூரம் போனால்தான் எனக்குச் சும்மா இருக்க முடியும். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான் முட்டும். என் அடுப்படி ஜன்னலைத் திறந்தாலே மலை. அந்த மலைக்கு மேலே எங்களுக்கு நாலு ஏக்கர் ஏலத்தோட்டம். வெளியூர்க்காரர்கள் அந்த மலையைப் பார்த்து, ஆகா, என்ன குளுமை என்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் உரம் ஞாபகம் வரும். மருந்து அடிக்க வேண்டும், காய்ந்த தட்டையை வெட்ட வேண்டும், ஆளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வரிசையாக வரும். மலை கண்ணில் படாத இடத்தில் நாலு நாள் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. அதற்குத் தீவைவிட நல்ல இடம் ஏது?

கடலை நான் பார்த்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. மகளுக்கு மொட்டை போட்ட அன்று திருச்செந்தூரில் பார்த்தேன். இடுப்பில் அலறுகிற பிள்ளை, கையில் சந்தனக் கிண்ணம், காதில் நாத்தனார் குரல். கடல் இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இந்த முறை மகளே கோயம்புத்தூரிலிருந்து போனில் அறை போட்டுக் கொடுத்தாள். திங்கள் ராத்திரியிலிருந்து நாலு ராத்திரி. கோயில் கூட்டத்துக்குத் தள்ளி, மீன்பிடிக்கிற ஜனங்கள் இருக்கிற பக்கம், ஒரு அக்கா தன் வீட்டு மாடியில் வாடகைக்கு விடுகிற அறை. தோட்டத்திலும் அப்போதுதான் ஒரு எடுப்பு முடிந்திருந்தது. காய் எடுத்து முடித்தால் அடுத்த எடுப்புக்கு ஆள் வருவதற்குள் பத்து நாளாவது இடைவெளி கிடைக்கும். எல்லாம் கூடி வந்தது. என் வீட்டுக்காரரும் சரி என்றார். அவர் அவ்வளவு சுலபமாகச் சரி என்றபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் ஜீப்பு காலியாக ஓடாது. போகும்போது அரிசி, உரம், தார்ப்பாய், யாரோ ஒருவருடைய கேஸ் சிலிண்டர். வரும்போது காய் மூட்டை, மிளகு, விறகு, யாரோ ஒருவருடைய சேவல். காலி ஜீப்பை ஓட்டிக்கொண்டு வருகிறவனைப் பார்த்தால் மலை உச்சி மெட்டுக் கடையில் டீ குடிக்கிறவர்கள் சிரிப்பார்கள். இதில் என் வீட்டுக்காரர் மற்றவர்களைவிடக் கெட்டி. எனக்குப் பிரசவ வலி எடுத்துத் தோட்டத்திலிருந்து இறக்கிக்கொண்டு வந்தபோது, வழியில் நிறுத்தி இரண்டு மூட்டை மிளகு ஏற்றினார். ஏன் என்று கேட்டதற்கு, "பின்னாடி எடம் சும்மாதான கெடக்கு" என்றார். மகள் ஆஸ்பத்திரி வாசலுக்கு மிளகோடு வந்து சேர்ந்தாள்.

அந்த மனிதர் இப்போது காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார்.

"ராமேஸ்வரம் போற வழியிலதான மதுரை? அக்காவோட கண்ணாடி ரெடியாயிருச்சாம். ஒரு நிமிசம், வாங்கிட்டுப் போயிருவோம்."

"வாங்குங்க."

"கண்ணாடிய அக்கா போட்டுப் பாக்கணும்ல? அதனால அக்காவும் வருது."

அக்கா என்றால் அவருடைய அக்கா. எனக்கு மதினி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். நல்ல மனுஷிதான். ஆனால் நாலு நாள் சும்மா இருப்பது என்கிற காரியத்தில் அவருக்கு அனுபவம் கிடையாது. மதினி வந்ததும் தாளில் கோடுகள் கூடின. மானாமதுரை வழியாகப் போகிறோம், அங்கே மண்பானை நன்றாக இருக்கும், இரண்டு வாங்கலாம். ராமநாதபுரத்தில் ஒரு பெண் இருக்கிறதாம், மதினி மகனுக்குப் பார்க்கலாம். பரமக்குடியில் தூரத்துச் சொந்தத்தில் ஒருவர் இறந்து ஐந்து மாதமாகிறது, துட்டி கேட்கவில்லை, துக்கம் விசாரிக்கவே போகவில்லை, போகிற வழிதானே, தலையைக் காட்டிவிடலாம்.

அங்கேதான் சிக்கல் வந்தது. துட்டி கேட்ட காலோடு பெண் பார்க்கிற வீட்டுக்குள் நுழைய முடியாது. ஆனால் ரோட்டில் பரமக்குடிதான் முதலில் வருகிறது, ராமநாதபுரம் அப்புறம். ரோட்டைப் போட்டவர்களுக்கு இது தெரியவில்லை. அக்காவும் தம்பியும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் இவர் தொடையில் தட்டினார்.

"இப்பிடிச் செய்வோம். பரமக்குடியில நிக்காமத் தாண்டிருவோம். நேரா ராமநாதபுரம் போயி பொண்ணப் பாத்துட்டு, திரும்பி பரமக்குடி வந்து துட்டி கேப்போம். அங்கருந்து நேரா கடலு! முங்கி எந்திரிச்சா தீட்டும் போச்சு. தனியாக் குளிக்க வேண்டிய சோலியே இல்ல, பாத்தியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலை அவர் குளியலறையாக்கிவிட்டார்.

"இதுல என் நாலு நாள் எங்க இருக்கு?" என்றேன்.

"இந்தா, இங்கதான இருக்கு." தாளின் அடி மூலையில் நுணுக்கி நுணுக்கி 'தீவு' என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் எதுவும் எழுத இடமில்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன். முப்பது வருஷத்தில் நான் ஒழுங்காகப் பழகிய ஆசனம் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். ஜீப்பில் மூன்று பேர், பார்க்கப் போகிற வீடுகளுக்கெல்லாம் ஏலக்காய்ப் பொட்டலம், தீர்த்தம் பிடித்துவரச் சொல்லித் தெருவே கொடுத்துவிட்ட காலி கேன்கள், பக்கத்து ஊர் தேவாரத்துக்காரர் ஒருவர் மதுரையில் இருக்கும் மகளுக்குக் கொடுக்கச் சொன்ன தேங்காய் மூட்டை. இவர் பின்னால் திரும்பிப் பார்த்து, "லோடு நல்லா செட்டாயிருச்சு" என்று சந்தோஷப்பட்டார்.

மதுரையில் ஒரு நிமிஷம் என்றாரே, அது மறுநாள் காலை வரை நீண்டது. கண்ணாடியில் வலது கண்ணுக்குப் போட வேண்டியதை இடது கண்ணுக்குப் போட்டிருந்தார்கள். சரி செய்து தருகிறோம், நாளைக்கு வாங்க என்றார்கள். தேங்காய் கொடுக்கப் போன வீட்டில், ராத்திரி எங்கே போவீர்கள் என்று படுக்கை விரித்துவிட்டார்கள். என் முதல் ராத்திரி அப்படிப் போனது. தீவில் ஓர் அறை எனக்காகக் காலியாகக் கிடக்கிறது என்று நினைத்து நினைத்து நான் தூங்கவே இல்லை.

மறுநாள் மானாமதுரை. மதினிக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டதால் கடையில் ஒரு பானை தப்பவில்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, வெயிலில் திருப்பிப் பார்த்து, விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். ஐம்பது பானையாவது தட்டியிருப்பார். கடைக்காரர் சாப்பிட்டு வருகிறேன் என்று போய், சாப்பிட்டுவிட்டும் வந்துவிட்டார். கடைசியில் முதலில் தட்டிய இரண்டையும் வாங்கினார். பின்னால் வைத்தால் உடையும் என்று ஒன்று என் காலிடுக்கில், ஒன்று என் மடியில். அப்படியே பரமக்குடியைத் தாண்டினோம். துட்டி வீடு இருக்கிற தெரு முனையைக் கடக்கும்போது, யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். நான் பானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ராமநாதபுரத்தில் பெண் நன்றாக இருந்தாள். பேச்சும் நன்றாக இருந்தது. காபி கொடுத்துவிட்டு நேராக, "மலையில யானை வருமாமே?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் தேவாரத்துப் பக்கந்தாம்மா. நம்ம பக்கம் எட்டிக்கூடப் பாக்காது" என்றார் மதினி.

"நடந்துதானங்க வருது? எந்தப் பக்கம்னு பாத்தா வரும்?" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது. இதற்கு மேல் பேச்சு முறிந்துவிடும், கிளம்பிவிடலாம் என்று நான் எழுந்தேன். ஆனால் அந்த வீட்டுப் பெரியவர்கள் விடவில்லை. பெண் கொடுக்கிறோமோ இல்லையோ, இருட்டுகிற நேரத்தில் மூன்று பேரை வெளியே அனுப்பினால் நன்றாக இருக்குமா என்றார்கள். அப்படி இரண்டாவது ராத்திரியும் போனது.

புதன்கிழமை வந்த வழியே திரும்பிப் பரமக்குடி. வாசலில் இறங்கியதும் மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "போயிட்டீகளே அண்ணே" என்று அழுதுகொண்டே உள்ளே போனார். உள்ளே அவர்கள் டிவியில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மாதமாகிவிட்டது, பாவம், அவர்கள் தேறியிருந்தார்கள். இப்போது எங்களுக்காக டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து அழ வேண்டியதாயிற்று. அழுது முடித்ததும், மத்தியானச் சாப்பாடு சாப்பிடாமல் போகக் கூடாது என்றார்கள். அவர்கள் சோறு வடிக்கிற வரைக்கும் நான் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் இறந்தவரை நினைத்து நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என் நாலு நாளை நினைத்துத்தான் அழுதேன். ரொம்பப் பாசமான பொம்பளை என்று என்னைச் சொன்னார்களாம்.

பாம்பன் பாலத்தில் ஏறும்போது சாயங்காலமாகிவிட்டது. பானையைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர்.  "வண்டிய ஒரு நிமிசம் நிறுத்துங்க" என்றேன். "தீட்டோட நிக்கக் கூடாது" என்று போய்க்கொண்டே இருந்தார்.

அறை கொடுத்த அக்கா வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் கால் வைக்காமல் நேரே கடலுக்குப் போனோம். இவர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். போனைக் கொடுத்தார். மதினி கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு அக்காவும் தம்பியும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கண்ணை இறுக்கி மூடி, மூக்கைப் பிடித்து, மூன்று முங்கு முங்கி, விறுவிறுவென்று கரையேறினார்கள். அலையே இல்லாத கடல் அது. குளம் மாதிரிக் கிடந்தது. நான் என் முறை வரட்டும் என்று அவர்களுடைய துணிமணியைச் சுமந்துகொண்டு அதைப் பார்த்தபடி நின்றேன். அப்போது கையிலிருந்த போன் அடித்தது. தோட்டத்துக் கங்காணி.

"அக்கா, அடுத்த எடுப்புக்கு ஆளு வெள்ளிக்கெழமையே வருது. வேற தோட்டத்துல அவகளுக்கு வேல முடிஞ்சுபோச்சு. இப்ப விட்டா அப்புறம் மாசக் கடைசிதான். அண்ணேட்ட சொல்லிருங்க."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். போனைத் தண்ணீரில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் காய் பழுத்து உதிரத் தொடங்கினால் யாருக்கு நஷ்டம்? சொன்னேன். என் புத்தி அப்படி.

இவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "அப்ப விடிகாலையில கெளம்பிருவோம். வெரசா போனா மத்தியானத்துக்குள்ள வீடு" என்றார்.

"போற வழியில தேவிபட்டினம் நவகெரகத்த ஒரு எட்டுப் பாத்துட்டு..." என்று மதினி ஆரம்பித்தார்.

"நான் வரல" என்றேன்.

"நவகெரகத்துக்கா?"

"எங்கயும் வரல. நாலு நாள்னு சொல்லித்தான வந்தோம்? நாலு நாள் இருந்துட்டுத்தான் வருவேன்."

இவர் துண்டைத் தலையிலேயே விட்டுவிட்டார். "அங்க சோலி கெடக்குல்ல?"

"கெடக்கட்டும். மலை எந்திரிச்சு எங்கயும் நடந்து போயிராது. முப்பது வருசமா அங்கதான இருக்கு, நானும் அங்கதான இருக்கேன். மூணு நாளா ஜீப்புக்குள்ள பானையக் கட்டிட்டு உக்காந்திருக்கேன். கண்ணாடிக்கு ஒரு நாள், பொண்ணுக்கு ஒரு நாள், செத்தவருக்கு ஒரு நாள். எனக்கு? நான் உசுரோடதான இருக்கேன்?"

கத்திவிட்டேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"தனியாவா இருப்ப? ஊர்ல என்ன பேசுவாக?" என்றார் மதினி.

"ஊர்ல எனக்குத் திதியே குடுத்தாச்சு மதினி. இனிமே பேச என்ன இருக்கு?"

மதினி கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு என்னை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். இவர் தலையிலிருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். கோபப்படுவார், இல்லாவிட்டால் கெஞ்சுவார், இரண்டுக்கும் நான் தயாராக இருந்தேன். கடைசியில் கேட்டார்:

"அப்ப ஒன் சீட்டு காலியாவா போகும்?"

"பானைய வைங்க!" என்றேன்.

வைத்தார். வியாழக்கிழமை விடிகிற நேரத்தில், முன்சீட்டில் ஒரு பானையைத் துண்டு சுற்றி உட்காரவைத்து, பெல்ட்டும் மாட்டிவிட்டார். எனக்கு ஒருநாளும் மாட்டிவிட்டதில்லை. மற்றதை மதினி மடியில் கொடுத்தார். "பத்தரமா இரு. சாப்புடு" என்று எங்கேயோ பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மாடிக்கார அக்காவிடம் போய், சனிக்கிழமை ராத்திரி வரை இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இரும்மா, யாரு வேணாம்னா?" என்றார்.

அன்றைக்குக் கடலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். மலை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இல்லை. அழுகை வந்தது. நிம்மதியாக அழுதேன், ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை. பத்து மணி வரை அப்படியே இருந்தேன். அதற்கு மேல் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், கை துறுதுறுவென்றது. சும்மா இருப்பது லேசான வேலை இல்லை. மாடிக்கார அக்காவிடம் போய், உரிக்கப் பூண்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் விடாமல், "போம்மா, போய்க் கடலப் பாரு" என்று துரத்திவிட்டார். மத்தியானத்துக்கு மேல்தான் எனக்குப் பிடிபட்டது. தண்ணீரின் நிறம் மாறுவது, படகுகள் எல்லாம் ஒரே பக்கமாக முகம் திருப்பிக்கொள்வது, ஒரு கொக்கு ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்பது. கொக்குக்கும் எனக்கும் போட்டி மாதிரி இருந்தது.

சாயங்காலம் இவர் போன் செய்தார். வீடு வந்து சேர்ந்தாயிற்று, பானை பத்திரம், ஆளுக்குச் சொல்லியாயிற்று, ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்றார். பீரோவில் மேல்தட்டு என்றேன். சரி என்றார். வைத்துவிடுவார் என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"கடலு எப்பிடி இருக்கு?" என்றார்.

"நேத்து நீங்கதான அதுக்குள்ள முங்கி எந்திரிச்சீங்க?"

"கண்ண மூடிட்டுல்ல முங்குனேன்" என்றார்.

 அத்தனை கோபமும் எங்கே போனது என்று தெரியவில்லை. பாவி மனுஷன், இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே வந்து, கடலுக்குள்ளேயே இறங்கி, பார்க்காமல் போயிருக்கிறார். நான் சொல்ல ஆரம்பித்தேன். பெருசா இருக்குங்க என்றேன். அது தெரியும், வேற என்றார். நிறம் சொன்னேன். படகைச் சொன்னேன். கொக்கைச் சொன்னேன். கொக்கு மீன் பிடித்ததா என்று கேட்டார். இல்லை, அதுவும் என்னை மாதிரிச் சும்மாதான் வந்திருக்கிறது என்றேன். சிரித்தார். உரமும் மருந்தும் ஆளும் வராமல் நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது கல்யாணமான புதிதில்கூட இல்லை.

"ஏத்தா, நாலு நாளு பத்துமா ஒனக்கு?" என்றார் கடைசியில்.

"நீங்க வந்தீங்கன்னா பத்தாது" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்தப் பக்கம் பீரோவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பாப்போம்" என்றார். அவர் பாப்போம் என்றால் முடியாது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை ஆள் வருகிறது, எடுப்பு நடக்கிறது, ஜீப்பு தோட்டத்தை விட்டு நகராது, வந்தால் பஸ்சில்தான் வர வேண்டும், எப்படி வருவார்? எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுநாள் காலையில் எழுந்து, தலை சீவி, பூ வைத்துக்கொண்டு போய் பஸ்சு நிற்கிற இடத்தில் நின்றேன். முதல் பஸ்சில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஐந்து பஸ்சு பார்த்தேன். அந்த நாலு நாளுக்காக அத்தனை சண்டை போட்டவள், அதில் ஒரு காலை முழுக்கக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.